ஒரு சாண் இடைவெளி

இந்துமதி யாரும் சொல்லாமலே போய் இடது ஓரத்தில் நின்றுகொண்டாள்.

சர்ச்சிலிருந்து வந்ததும், ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல், பிரியாணிக்குத் தம் உடைப்பதற்கு முன்னால் வாசல் படிகளில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது மலைமேல் இருக்கிற பெர்ன்ஹில் வீட்டின் கிறிஸ்துமஸ் வழக்கம். யார் எங்கே நிற்பது என்பதை மாமியார் ரேச்சல்தான் தீர்மானிப்பார்.

கல்யாணம் ஆகி வந்தவர்களுக்கு ஐந்து வருஷம் ஓரம்தான். அதிலும் ஒட்டி நிற்கக் கூடாது. ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும்.

கத்தரிக்கோல் போக வழி வேண்டுமே.

இதற்கெல்லாம் காரணம் மாமனாரின் தம்பி சில்வஸ்டர். அவருடைய முதல் மனைவி ஒரு கிறிஸ்துமஸுக்கு நட்டநடுவில் நின்று சிரித்துவிட்டு, அடுத்த கிறிஸ்துமஸுக்குள் வேறொருவரோடு பெங்களூர் போய்விட்டார். ரேச்சல் ஆத்திரத்தோடு அந்தம்மாளைப் படத்திலிருந்து வெட்டியபோது சில்வஸ்டரின் வலது கையும் தோளோடு போய்விட்டது. அந்தப் படம் இன்னும் ஹாலில் தொங்குகிறது. பார்க்கிற விருந்தாளிகள், ஏதாவது ஆக்சிடென்ட்டா என்று மெதுவாக விசாரிப்பார்கள்.

“ஆமாங்க, பெரிய ஆக்சிடென்ட்” என்பார் சில்வஸ்டர், அதே வலது கையால் ஒயினை ஊற்றிக்கொண்டே.

முதல் கிறிஸ்துமஸில் இந்த விதியைக் கேட்டு இந்துமதி பாத்ரூமில் போய் அழுதாள். மூன்றாவதில் தேறிவிட்டாள். “கவர்மென்ட் வேலைக்கே ப்ரொபேஷன் ரெண்டு வருஷம்தானுங்களே அத்தை” என்று கேட்டு மொத்தப் படிக்கட்டையும் சிரிக்க வைத்தாள். அதற்கப்புறம் வெட்கமில்லாமல் நடு இடத்துக்கு நாள் எண்ண ஆரம்பித்தாள். வருகிற பிப்ரவரியோடு ஐந்து வருஷம் முடிகிறது.

ஆனால் இந்த வருஷம் ஓரம்தான் அவளுக்கு வசதி.

ஆகஸ்டிலிருந்து அவளும் புருஷன் ஜினோவும் கோயமுத்தூரில் தனித்தனி வீடு. ஜனவரி ஒன்பதாம் தேதி வக்கீல் இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறார். ‘உன்மேல ஒரு தப்பும் இல்ல இந்து’ என்று சொல்லிச் சொல்லியே பிரிவைக் கேட்டு வாங்கியிருந்தான் ஜினோ.

கிறிஸ்துமஸ் முடிகிறவரை பெர்ன்ஹில்லில் யாருக்கும் தெரியக் கூடாது என்று பேசிக்கொண்டார்கள். அவனுக்கு, அப்பா பொன்ராஜின் பிபியை நினைத்துப் பயம். அவளுக்கு அதெல்லாம் இல்லை. கடைசியாக ஒரு தடவை இவர்களோடு சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். புருஷனை விடுவதற்கு மனசு எப்படியோ தயாராகிவிட்டது. இந்த வீட்டை விடுவதற்குத்தான் வரமாட்டேன் என்றது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது பதினாலு கொண்டை ஊசி வளைவுகளிலும் பொய்களை ஒத்திகை பார்த்தார்கள். அப்படியும் காலையில் ஆப்பத்துக்கும் பாயாவுக்கும் நடுவே சொதப்பிவிட்டது. வீட்டில் பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது என்றான் ஜினோ. ஒழுகுவது அவன் தனியாக இருக்கிற வீட்டில்.

“எந்தக் குழாய்?” என்று இந்துமதி கேட்டே விட்டாள்.

ரேச்சல் தலையைத் தூக்காமல் அவள் தட்டில் இன்னொரு ஆப்பத்தை வைத்தார்.

இப்போது படிகளில் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். சில்வஸ்டரின் மகள் ஸ்வேதா, எதிரே ஸ்டாண்டில் போனைப் பொருத்தினாள்.

“பெரியம்மா, இப்பெல்லாம் கத்தரியே வேண்டாம். வேண்டாதவங்கள போன்லயே அழிச்சுரலாம். அப்பாவுக்குக் கையக்கூட ஒட்ட வெச்சுரலாம்.”

“ஒட்ட வெச்சு? மறுபடியும் யாரு தோள்ல போடறதுக்கு?” என்றார் பொன்ராஜ்.

அந்தச் சிரிப்புச் சத்தத்தில் இந்துமதி ஒரு சாணை ஒன்றரைச் சாண் ஆக்கிக்கொண்டாள். பாவம், அத்தைக்குக் கண்ணாடி பவர் ஏறியிருக்கிறது. தாராளமாக வெட்டட்டும்.

“இந்து, அங்க என்ன பண்றே? இங்க வா.”

ரேச்சல் தனக்கும் பொன்ராஜுக்கும் நடுவில் இடம் பண்ணிக்கொண்டிருந்தார்.

“இன்னும் அஞ்சு வருஷம் முடியலீங்களே அத்தை.”

“எனக்குத் தெரியாதா? வா கண்ணு, பிரியாணி ஆறுது.”

அவள் போனாள். வேறென்ன செய்வது? ரேச்சலின் கை இடுப்பைச் சுற்றி வந்து இறுக்கிப் பிடித்தது. அந்தப் பக்கம் பொன்ராஜ் ஒட்டி நின்றார். நான்கு வருஷம் ஏங்கிய இடம் நெருப்பாகச் சுட்டது. இனி அவளை வெட்டினால் இவர் கையும் போகும், அவர் கையும் போகும். அந்தப் பாவத்தையும் கட்டிக்கொண்டு மலை இறங்க முடியாது. சொல்லிவிட வேண்டியதுதான்.

“அத்தை, நானும் ஜினோவும்...”

“சிரி” என்றார் ரேச்சல், போனைப் பார்த்தபடியே. பிறகு குரலை உயர்த்தினார். “ஜினோ, நீ அந்த ஓரத்துக்குப் போ. ஒட்டி நிக்காத. ஒரு சாண் தள்ளி.”

ஜினோ அம்மாவைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். பொன்ராஜ் மப்ளரைச் சரிசெய்துகொண்டார்.

அவன் இரண்டு படி இறங்கி, இந்துமதி விட்டுவந்த இடத்தில் போய் நின்றான்.

ஸ்வேதா டைமரை வைத்துவிட்டு ஓடிவந்து கூட்டத்தில் செருகிக்கொண்டாள்.

படிகளில் பதினேழு பேர் இருந்தார்கள். ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.