கடைசி அத்தியாயத்தில் விதிவிலக்கு

2061 மே 14. விடியலிலிருந்தே அனல் காற்று வீசிக்கொண்டிருந்தது.

பொதுக்கொள்கை நூல் எழுதத் தணிகைவேல் உதவித்தொகை பெற்றுவந்தார். ஏற்கப்படும் ஒவ்வோர் அத்தியாயமும் அவர் வசிக்கும் தெருவில் உடனே சட்டமாகும் என்பது அதன் நிபந்தனை. அன்று காலை ஏற்கப்பட்ட மூன்றாம் அத்தியாயத்தின்படி, மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை வீடுகளுக்கு மின்சாரம் இல்லை.

உள்ளறையில் அவருடைய அக்கா செண்பகவல்லி பிராணவாயு இயந்திரத்தின் தயவில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்.

“நோயாளி வீட்டுக்குக் கரண்டு உண்டுன்னு எழுதலியா?” என்று மனைவி கோமளா கேட்டாள்.

“விதிவிலக்கெல்லாம் அஞ்சாவது அத்தியாயத்துலதான் வரணும். நூலுக்குன்னு ஒரு கட்டமைப்பு இருக்கு.”

“அது உங்கக்கா நுரையீரலுக்குத் தெரியுமா? வாங்க, பக்கத்துத் தெருவுக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்.”

“இரு, நாலையும் அஞ்சையும் இப்பவே முடிச்சு அனுப்பிடறேன்.”

“அவனை விடும்மா, எழுதட்டும்” என்றார் அக்கா.

தணிகைவேல் எழுத அமர்ந்தார். அந்த அவசரத்திலும் ஒரு வாக்கியத்தைக்கூடக் கோணலாக விட அவருக்கு மனம் வரவில்லை. நான்காம் அத்தியாயத்தின் முடிவுரையை மூன்றாம் முறையாகத் திருத்திக்கொண்டிருந்தபோது, உள்ளிருந்து கோமளா அலறினாள்.

அப்போது மணி நான்கு பதினேழு.