ஐந்தாவது வரி

"மூணாவது பாட்டுல நாலு வரி முடிஞ்சதும் மைக்கை அணைச்சிடு. மேலிடத்து உத்தரவு" என்றார் அரங்க மேலாளர், காதைக் குடைந்தபடியே.

சவுண்ட்காரர் மிக்ஸர் பலகையிலிருந்து கையை எடுத்தார். பதினெட்டு வருஷமாக அந்த மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து, எத்தனையோ பேருடைய கட்டைக்குரலைக் கரையேற்றியவர். இப்போது ஒருத்தர் வாயைப் பொத்த வேண்டுமாம்.

"எதுக்கு சார்?"

"எதிர்ப்புப் பாட்டாம். இந்தப் பாடகர் போன ஊர்லயெல்லாம் அந்த இடத்துலதான் அணைச்சிருக்காங்க. ஜனங்க நாற்காலி மேல ஏறி நின்னு கத்தி, அவரைத் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க."

"அணைக்கலைன்னா?"

"நாளைக்கு வேற வேலை தேடிக்கோ."

மூன்றாவது பாட்டு வந்தது. "குரல்வளையை நெரிப்பவனே, கேள்" என்று நாலாவது வரியை முழங்கிவிட்டுப் பாடகர் முஷ்டியை உயர்த்தினார். சவுண்ட்காரர் மைக்கை அணைக்காமல் கையைக் கட்டிக்கொண்டார். வேலை போனால் மயிரே போயிற்று.

பாடகர் வாயை ஆவேசமாக அசைத்தார். "ல... லல்ல... லா..." என்று அரங்கத்தின் கடைசி வரிசைவரை துல்லியமாகக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். அவசரமாகத் திரையை இறக்கினார்கள்.

பாடகர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஏன்யா மைக்கை அணைக்கல?"

"மேலிடத்துக்குப் பயந்து உங்க வாயை அடைக்க மாட்டேன் சார்."

"மேலிடமாவது மண்ணாங்கட்டியாவது. அணைக்கச் சொன்னதே நான்தான்யா. நாலு வரிக்கு மேல நான் எழுதினதே இல்ல."