பன்னிரண்டாம் இலக்க மிதவை

"லக்ஷன், காரை எடும்! மிதவை முழிச்சிட்டுது!"

மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி சாம்பவி ஓடிவந்து ஏறினாள். வடதுருவப் பனிக்கடலில் மாதக்கணக்கில் அலைந்து, கடல் எவ்வளவு சூடாகிறதென்று செய்தி அனுப்பவேண்டிய மிதவை. அவளே வடிவமைத்தது. இரண்டு வருட உழைப்பு. காந்தம் ஒட்டியிருக்கும்வரை அது உறங்கும்; கடலில் இறக்கும்போது மட்டும் கழற்றவேண்டிய அந்தக் காந்தத்தை யாரோ இப்போதே கழற்றிவிட்டார்கள்.

"எங்க நிக்குது?"

"புவாண்ட்-கிளேரில!"

"துறைமுகம் மற்றப் பக்கமெல்லே!"

நாலு மணிக்குக் கப்பல். தவறினால் அடுத்த கோடைதான்.

"அதைத் துறைமுகத்துக்கு லொறியில ஏத்திக்கொண்டு போன தியாகராசா அண்ணை போனும் எடுக்கிறாரில்லை. வித்துப்போட்டாரோ தெரியாது," என்றான் லக்ஷன். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான்.

"அந்தாள் களவெடுக்காது." வெடுக்கென்று சொன்னாள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

திரையில் எண் ஏறியது.

"ஐயோ, நாற்பது பாகை காட்டுது! ஆரோ நெருப்பில பிடிக்கினம்!"

திரை காட்டிய இடத்தில் கார் கிரீச்சிட்டு நின்றது.

கோயில். வாசலில் லொறி. திறந்த பின்கதவுக்குள் மஞ்சள் மிதவை, மாலையும் விபூதியுமாக. ஐயர் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். காந்தம் இருந்த இடத்தில் சந்தனப் பொட்டு.

"உங்களுக்கென்ன விசரே?" லக்ஷன் கத்தினான்.

தியாகராசா கைகட்டி நின்றார். "மன்னிக்க வேணும் மேடம். புதுக் கார் வாங்கினாலே முதல் இஞ்சதானே கொண்டுவாறம். இது அவ்வளவு தூரம் தனியப் போகுது. பொட்டு வைக்க இடம் காணாமல் அந்த மூடியைக் கழட்டினனான்."

சாம்பவி அவர் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்துத் திரும்ப ஒட்டினாள். மிதவை உறங்கியது. மணி இரண்டரை. கப்பலைப் பிடித்துவிடலாம்.

"இதை மனேஜரிட்டச் சொல்லத்தான் வேணும்," என்றான் லக்ஷன்.

ஐயர் தயங்கினார். "அருச்சனைக்குப் பேர், நட்சத்திரம்?"

தியாகராசா தலை குனிந்தார்.

சாம்பவி செருப்பைக் கழற்றிவிட்டு அவர் அருகில் போய் நின்றாள்.

"பேர் பன்னிரண்டாம் இலக்கம், ஐயா. நட்சத்திரம் இண்டைக்கு என்னவோ அதுதான். இப்பத்தானே கண் முழிச்சது." பிறகு லக்ஷனைப் பார்த்தாள். "மனேஜரிட்டத் தாராளமாச் சொல்லும். லொறிக்காரன்ரை மகள் எண்டு ஆரும் என்னைக் குறைவாப் பாத்திடுவினம் எண்டுதான் இவ்வளவு நாளும் மேடம் எண்டு கூப்பிட்டவர். இவர் இந்த மிதவையின்ரை அம்மப்பா."