ஏழாவது புகார்

"மறுபடியும் அதே புகாரா?" மருந்து வாங்கும் ஆப்பை எழுதிய புரோகிராமர் எரிச்சலோடு கேட்டான்.

"ஏழாவது தடவை. திரையில விரல் வெச்சா, எழுத்தைச் சத்தமாப் படிச்சுச் சொல்ற போன் வெறும் 'பட்டன், பட்டன்'னுதான் படிக்குதாம். எது ஆர்டர், எது ரத்துன்னு பார்வை இல்லாதவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மேலாளர்.

"ஆயிரத்துல ஒருத்தர் மேடம். அடுத்த மாசம் பார்க்கலாம்."

"அதை அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க." புகாரில் இருந்த நம்பரை நீட்டினார்.

இருப்புக்கொள்ளாமல் எழுந்து நடந்தபடியே எண்களை அழுத்தினான். கடைசி எண்ணை அழுத்தியதும் அவன் போனில் 'அக்கா' என்று வந்தது.

மறுபடி சரிபார்த்தான். தப்பில்லை. அழைத்தான்.

"அக்கா... உனக்குக் கண்ணு...?"

"ஆறு மாசமாச்சுடா. நீ பதறுவேன்னுதான் மறைச்சேன். ஆமா, உனக்கு யார் சொன்னா?"