தாலாட்டு வேண்டாம்

“இது வேணாம் மேரி. இதுல ஒண்ணுமே இல்ல. அடுத்தத வாசி.”

மேடையின் பலகைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அமிர்தவல்லி இப்படிச் சொன்னதும், சங்கீத சபையின் காரியதரிசி லூர்துநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவள் தள்ளிவிட்டது ஓர் அருமையான பிரெஞ்சுத் தாலாட்டை. வாசித்துக் காட்டியவளோ பாரிஸ், ரோம், வியன்னா என்று பெரிய பெரிய அரங்குகளில் பியானோ வாசித்துப் பேர் வாங்கிய ஆனந்தமேரி. புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவள். பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் கழித்து, இப்போதுதான் முதல் தடவையாகச் சொந்த ஊரில் கச்சேரி செய்ய வந்திருக்கிறாள். நாளை மறுநாள் இதே மண்டபத்தில் கமிஷனர் முதல் பிரெஞ்சுத் தூதரான கான்சல் வரை எல்லோரும் வந்து உட்காரப் போகிறார்கள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பென்சிலை எடுத்துப் பட்டியலில் தாலாட்டை அடித்துவிட்டாள்.

“ஐயோ, அடிக்காதீங்க மத்மசேல்! கான்சல் வீட்டு மதாம் ஆசப்பட்டுக் கேட்டது அது. நான் வாக்குக் குடுத்துட்டேன். சாயங்காலம் நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகணும்!”

“அமிர்தம் வேணாம்னுட்டாளே, முசியே.”

லூர்துநாதன் மேடையைச் சுற்றிக்கொண்டு அமிர்தவல்லியின் எதிரே வந்து நின்றார். ஆனந்தமேரி கூட அழைத்து வந்த தோழி; அரியாங்குப்பத்தில் கரும்பு போட்டிருக்கும் சம்சாரி வீட்டு மனுஷி. மரியாதையாக மெத்தை வைத்த நாற்காலி போட்டும், அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில்தான் உட்காருவேன் என்று உட்கார்ந்துவிட்டாள். பட்டிக்காட்டுப் பழக்கம் என்று அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தார்.

“ஏம்மா, தாலாட்டு எதுக்கு வேணாம்ங்கற?”

“ஜனங்க தூங்கறதுக்கா வராங்க? எங்க மேரி வாசிச்சா கட்டடமே ஆடணுங்க!”

ஆனந்தமேரி சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுத்தாள். அவளுடைய இடது கை கீழ்க்கட்டைகளில் இறங்கியதும் மண்டபத்துக்குள் இடி இடித்தது. அமிர்தவல்லி தரையில் கையை ஊன்றிச் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“இது இருக்கட்டும், மேரி!”

அவள் முதுகுக்குப் பின்னால் நின்ற லூர்துநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“காடு கழனி பாக்கறவங்களுக்கு இதுல என்னா தெரியும்?”

அவள் திரும்பக்கூட இல்லை. இன்னும் கொஞ்சம் உரக்கவே சொன்னார். அப்போதும் அசையவில்லை. என்ன திமிர்! கமிஷனரே அவர் பேச்சுக்குத் தலையாட்டுவார், இவள் என்னடாவென்றால் ஈ பறந்த மாதிரிகூட மதிக்கவில்லை.

“மத்மசேல், ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க. தாலாட்டு இல்லன்னா கச்சேரி இல்ல.”

வாசிப்பு நின்றது. ஆனந்தமேரி பியானோவின் மூடியைச் சாத்தினாள்.

“அப்ப கச்சேரி வேணாம்.”

சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. எங்கெங்கோ வாசித்துவிட்டாள்; இந்த ஊர் ஜனங்கள் முன்னால் ஒரு தடவை வாசித்துவிட வேண்டும் என்பது அவளுக்கு வாழ்நாள் ஆசை. ஆனாலும் சாத்திய மூடியைத் திறக்கவில்லை.

“என்னா மேரி, ஏன் நிறுத்திட்ட?” என்று அமிர்தவல்லி கண்ணைத் திறந்து பார்த்தாள். நடந்தது ஏதும் அறியாதவள் போல அவள் கேட்டது லூர்துநாதனின் எரிச்சலை இன்னும் கிளப்பியது. கூடவே பயமும் வந்தது. ஊர் முழுக்க அழைப்பிதழ் கொடுத்தாகிவிட்டது. கச்சேரி நின்றால் சபையின் மானம் கப்பலேறிவிடும்.

“ஒண்ணுமில்ல அமிர்தம், செத்த இரு” என்று தோழியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஆனந்தமேரி அவர் பக்கம் திரும்பினாள்.

“முசியே, பாரிஸ் பேப்பர்ல என்னைப் பத்தி எழுதினத அழைப்பிதழ்ல போட்டிருக்கீங்களே, என்னா அது?”

கோபத்திலும் லூர்துநாதனின் நெஞ்சு நிமிர்ந்தது. “‘இந்தப் பெண்ணின் இடது கைக்கு ஈடான கை ஐரோப்பாவிலேயே இல்லை.’ படிக்கறப்பவே உடம்பு சிலுத்துப் போச்சு. நம்ம ஊரு பொண்ணாச்சே!”

“அந்தக் கைய வளத்தவ இவதான். சின்ன வயசுல எங்களுக்கு எதிர் வீடு. எதக் கத்துக்கிட்டாலும் மொதல்ல இவளுக்குத்தான் வாசிச்சுக் காட்டுவேன். இப்பவும் ஊருக்கு வந்தா அப்படித்தான். இவ இருக்கட்டும்னு சொன்னதத்தான் மேடைக்கு எடுத்துக்கிட்டுப் போறேன். பாரிஸ்ல ஜனங்க எழுந்து நின்னு கை தட்டினதெல்லாம் இவ பொறுக்கிக் குடுத்ததுக்குத்தான்.”

லூர்துநாதன் தலையைச் சொறிந்தார். பாரிஸே எழுந்து நின்ற பிறகு அவர் எம்மாத்திரம்?

“சரி, தாலாட்ட எடுத்துடறேன். ஆனா மதாம் கேட்டா நான் என்னா பதில் சொல்றது? அவ்வளவு நல்ல காதா இந்த அம்மாவுக்கு? எந்த வித்வான்கிட்ட பழக்கினது?”

ஆனந்தமேரி தோழியைப் பெருமை பொங்கப் பார்த்தாள்.

“வித்வானும் இல்ல, ஒண்ணும் இல்ல, முசியே. ஏழு வயசுல வந்த ஜுரத்துல இவளுக்கு ரெண்டு காதும் போயிடுச்சு. எதிர்ல நின்னு பேசினா வாயசைவப் பாத்துப் புரிஞ்சுக்குவா, அவ்வளவுதான். பலகை அதிர்ந்தாதான் என் வாசிப்பு இவ ஒடம்புல போய்ச் சேரும்னு அடிச்சு அடிச்சுப் பழகின கை இது!”