யான், டான், தெதரா

அந்த மண்ணின் பழைய குடிகளான கெல்ட் மக்களின் மலையை ஆங்கிலேயர்கள் பிடித்தபோது, அங்கிருந்த ஆட்டு மந்தை அவர்களுடைய நாயின் பொறுப்புக்கு வந்தது. முதல் நாள் மாலையே பனி கொட்டியது. நாய் பட்டி வாசலில் நின்று தன் மொழியில் எண்ணத் தொடங்கியது. ஓர் ஆடும் நகரவில்லை.

“உள்ளே போங்கடி! விறைச்சுச் சாகப் போறீங்களா?”

முன்னால் நின்ற கிழட்டு ஆடு சொன்னது: “ஒண்ணு, ரெண்டு, மூணுங்கறதை எங்க பழைய மேய்ப்பருங்க மாதிரி யான், டான், தெதரான்னு எண்ணினாத்தான் எங்களுக்குக் கால் நகரும்.”

“அது தோத்தவன் பேச்சு.”

“தோத்தது மனுஷங்க. நாங்க எப்போ தோத்தோம், துரை?”

நாய் பாய்ந்து அதன் காதைக் கடித்தது. ரத்தம் சொட்டியும் ஆடு அசையவில்லை. முதுகுகளில் பனி ஏறியது. ஓர் ஆடு செத்தாலும் எஜமான் தன் தோலைத்தான் உரிப்பான் என்பது நாய்க்குத் தெரியும்.

“யான்...” என்று முனகியது.

கிழட்டு ஆடு உள்ளே போனது.

“டான்... தெதரா...”

மற்றவையும் வரிசையாகப் போயின.

பல தலைமுறைகள் கழித்து, கடல் தாண்டி வந்த நார்மன்கள் அந்த ஆங்கிலேயர்களை ஜெயித்தார்கள். அவர்களுடைய வேட்டை நாய், இனி தங்கள் மொழியான பிரெஞ்சில்தான் எண்ண வேண்டும் என்று உத்தரவிட்டது.

பழைய நாயின் வம்சத்தில் வந்த நாய் வாசலை மறித்து உறுமியது. “முடியாது! யான், டான், தெதரா! இது எங்க பாட்டன் பேசின பேச்சு!”

உள்ளே ஆடுகள் சிரித்தன. கிழட்டு ஆட்டின் வழிவந்த ஒன்று மட்டும் வெளியே வந்து அதன் பக்கத்தில் நின்றது.

“அப்படிப் போடு, துரை. இன்னும் சத்தமா எண்ணு.”