நியூயோர்க் அம்மாவின் குரல்

விம்பிள்டன் தியேட்டரில் நியூயோர்க் மாஃபியாப் படம். கோடு போட்ட கோட்டும் சரிந்த தொப்பியுமாய் இத்தாலியக்காரர் நடந்து வர, ஷாமளா சொக்கிப்போனாள்.

“அமெரிக்காவுக்கு ஸ்டைல் காட்டினதே இவங்கள்தான்.”

பக்கத்தில் அருள்மலர். தேவாலயத்து ஞாயிற்றுப் பூசையில் அண்மையில் பழக்கமானவள். படத்துக்கு அழைத்து வந்தவளும் அவள்தான்.

திரையில், குண்டடிபட்ட மகனைக் கிழவி மடியில் போட்டுக் கதறினாள்.

ஷாமளா திடுக்கிட்டாள். “அந்த மனுசி இப்ப ‘ஐயோ, என்ர ராசா’ எண்டெல்லோ சொன்னவ?”

“ஓம்.”

“இத்தாலியிலயும் அப்பிடித்தான் அழுவினமோ?”

“இல்லை. அந்த நடிகைக்கு இத்தாலியின்ர சிசிலித் தீவுப் பேச்சு வராது. குரல் குடுத்தது, சிசிலியில கனகாலம் இருந்த யாழ்ப்பாணத்து மனுசி. எழுதிக் குடுத்ததெல்லாம் ஒழுங்காய்ச் சொன்னவ. பிள்ளை செத்துக் கிடக்கிறதைக் கண்டதும் வாய் தன்பாட்டில தமிழுக்கு வந்திட்டுது. டைரக்டர் கண்ணைத் துடைச்சுக்கொண்டு, இப்பிடியே இருக்கட்டும் எண்டவர்.”

தியேட்டர் முழுக்க வெள்ளைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

“இதெல்லாம் உமக்கு ஆர் சொன்னது?”

அருள்மலர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான் கத்தினதை வெட்டிப்போடுவினமோ எண்டு இவ்வளவு நேரமும் பயந்துகொண்டிருந்தனான்.”